கேமரன் மலைச் செடியும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பருவமும்

பள்ளி விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை, கேமரன் மலையிலிருந்து தாப்பா வழியாக இறங்கும் கார்களின் பின்னிருக்கையில் பூந்தொட்டி இல்லாத கார் குறைவு. கியா ஃபார்ம் சந்தையில் வாங்கிய செவ்வந்தி, நீலக் கொத்தாக நிற்கும் ஹைட்ரேஞ்சியா, கைப்பிடி அளவுத் தொட்டியில் ரோஜா, சிலரிடம் லாவண்டர். வீடு வந்து இரண்டு வாரம் வாசலே அழகாக இருக்கும். அதன் பிறகு பூ கருகும், அடியிலை பழுக்கும், மொட்டு விரியாமலே உதிரும். வாங்கியவர் தம் கைராசியை நொந்துகொள்வார். கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. மலையில் அந்தச் செடிக்குக் கிடைத்தது எது, நம் வாசலில் கிடைக்காதது எது என்று தெரிந்துகொண்டால், எந்தச் செடியை வாங்கலாம், எதைப் பார்த்து ரசித்துவிட்டு அங்கேயே விட்டு வரலாம் என்பது விளங்கிவிடும்.

மலைச் செடிக்கு வேண்டியது இரவு

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் இன்னும் சற்று மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அதனால் கோலாலம்பூரில் பகல் 32, 33 டிகிரியைத் தொடும்போது அங்கே 22, 23-லேயே நிற்கிறது. பகல் வெயிலையாவது நிழல் கொடுத்து ஓரளவு சமாளித்துவிடலாம். நம்மால் கொடுக்க முடியாதது அந்த இரவைத்தான். அங்கே விடியற்காலையில் 15, 16 டிகிரி. இங்கே கிள்ளானில் விடியும் நேரத்திலும் 24-க்குக் கீழே இறங்குவது அரிது.

செடி பகலில் வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. இரவில் மூச்சுவிட அதிலிருந்து செலவழிக்கிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறைவு. மீதம் பூவுக்கும் நிறத்துக்கும் போகும். இரவும் சூடாக இருந்தால் சேமிப்பெல்லாம் உயிர் பிழைக்கவே சரியாகிவிடும். நம் ஊர்ச் செடிகள் இந்தச் சூட்டுக்கே பிறந்தவை. மலைச் செடி அப்படிப் பிறக்கவில்லை. பூ சிறுத்து, நிறம் வெளுத்து, தண்டு மெலிவது இதனால்தான். உரத்தைக் கூட்டினால் இது சரியாகாது. வாடிய மலைச் செடிக்கு உரம் போட்டு அதன் வேரையும் எரித்துவிடுகிறவர்களே அதிகம்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. இந்த அத்தியாயம் முழுவதற்கும் அதுதான் அடிப்படை. கேமரன் மலையிலும் பூவுக்கு இயற்கையான பருவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே கோலாலம்பூரில் ஏறத்தாழ 20 நிமிடம்தான் வேறுபாடு, மலையிலும் ஏறத்தாழ அரை மணிதான். செவ்வந்தியோ இரவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கிற செடி. இரவு நீண்டால் மொட்டு வைக்கும். இங்கே எந்த மாதமும் 12 மணி நேர இரவு என்பதால், விட்டுவிட்டால் சாண் உயரத்திலேயே மொட்டு வைத்துவிடும். வெட்டி விற்க நீளத் தண்டு வேண்டுமே. அதனால் கேமரன் பண்ணைகளில் நள்ளிரவில் சில மணி நேரம் விளக்கெரிக்கிறார்கள். இரவில் அந்த மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக ஒளிரும் பிளாஸ்டிக் கூரைகளைப் பார்த்திருப்பீர்கள். இரவு இரண்டு துண்டாக உடைவதால் செடி மொட்டு வைக்காமல் உயரமாக வளர்கிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள். அன்றிலிருந்து ஏழு முதல் பத்து வாரத்தில், ரகத்தைப் பொறுத்து, பூ.

இந்தக் கணக்கை வைத்துத்தான் ஜப்பானுக்கு ஏற்றுமதி நடக்கிறது. ஜப்பானியர் முன்னோரை வழிபடும் ஓபோன் ஆகஸ்டு நடுவில் வருகிறது; அப்போது செவ்வந்திக்கு அங்கே பெரும் தேவை. மலைக்காரர்கள் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த வாரம் நடுவது, எந்த இரவு விளக்கை நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள். பருவத்தைக் கையால் உண்டாக்குகிறார்கள். நம்மிடம் குளிர்ந்த இரவு இல்லை. ஆனால் பின்னோக்கி எண்ணுகிற அந்தப் பழக்கத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கி வந்துவிட்டீர்கள் என்றால்

முதலில் பயணம். தாப்பாவுக்கு இறங்கி நெடுஞ்சாலை பிடித்துக் கோலாலம்பூர் வர மூன்று நான்கு மணி நேரமாகும். வழியில் சாப்பிட நிறுத்தும்போது மூடிய காரை வெயிலில் விட்டால் செடி அங்கேயே வெந்துவிடும். நிழலில் நிறுத்துங்கள், கண்ணாடியைச் சற்று இறக்குங்கள். தொட்டியை நாளிதழில் சுற்றிக் காலடியில் வையுங்கள்; வண்டியின் பின்பெட்டி வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நேரே வெயிலில் வைக்காதீர்கள். மூன்று நான்கு நாள் வெளிச்சமான நிழலில் இருக்கட்டும்.

செவ்வந்திக்குத்தான் நம்மிடம் நல்ல வாய்ப்பு. காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுந்து, நண்பகலுக்குப் பின் நிழல் வருகிற கிழக்குப் பக்கம் அதன் இடம். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், பூவில் படக்கூடாது. கூரையில்லாத இடத்தில் வைத்தால் மாலை மழையில் பூ அழுகும். மலையில் பிளாஸ்டிக் கூரை போடுவதும் மழைக்காகத்தான். பூ முடிந்ததும் செடியை அடியிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். புதுத் தளிர் வரும். அதில் ஏழு எட்டு சென்டிமீட்டர் நுனிகளைக் கிள்ளி, அடியிலைகளை நீக்கி, உமிக்கரியும் மணலும் கலந்த கலவையில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும். வாங்கிய தாய்ச்செடியைவிட இந்தக் குட்டிகள் நம் வீட்டுச் சூட்டுக்கு நன்றாகப் பழகும். சிறு பூ பூக்கும் மஞ்சள், வெள்ளை ரகங்களைத் தேர்ந்தெடுங்கள். அகலப் பூ ரகங்கள் பெரும்பாலும் ஏமாற்றும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: வாசல் விளக்கு. தாமான் வீடுகளில் பாதுகாப்புக்காக இரவு முழுதும் வாசலில் விளக்கெரியும். வெளியே தெருவிளக்கும் உண்டு. அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில் செவ்வந்தி இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும், மொட்டு வைக்காது. பூக்கவில்லை என்று தூக்கி எறிவதற்கு முன் தொட்டியை வீட்டின் இருட்டுப் பக்கத்துக்கு நகர்த்திப் பாருங்கள். இதையே உங்களுக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். வேர் பிடித்த குட்டிகளை நான்கு வாரம் விளக்கடியில் வைத்து வளரவிடுங்கள், அதன் பிறகு இருட்டுக்கு மாற்றுங்கள். மலைக்காரர் செய்வதன் சிறு வடிவம் இது. சூட்டினால் நம்மிடம் மொட்டு விரிவது ஒன்றிரண்டு வாரம் பிந்தலாம்.

ஹைட்ரேஞ்சியா வேறு கதை. மொட்டு வைக்க அதற்கு ஆறு வாரமாவது 18 டிகிரிக்குக் கீழே இரவு வேண்டும். நம் வீட்டில் அது பச்சைப் பசேலென்று இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூக்காது. அதன் நீலம் புளிப்பு மண்ணிலிருந்து வருவது. மண்ணின் புளிப்பு குறைந்தால் இளஞ்சிவப்பாகும். மலை மண் புளிப்பு மிக்கது. வாங்கினால் வெட்டுப்பூ வாங்குவதைப்போல எண்ணி வாங்குங்கள்: நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்து, மூன்று வாரம் ரசியுங்கள். லாவண்டருக்கும் ஃபியூஷியாவுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். முன்னதை ஈரக்காற்றும் பின்னதைச் சூடும் கொன்றுவிடும்.

ரோஜாவை இங்கே வளர்க்கலாம். ஆனால் அதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. இந்தச் சூட்டிலேயே வளர்ந்த ரோஜா சுங்கை பூலோ நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கிறது. அந்தச் சாலையோரப் பண்ணைகளின் வரலாறு தெரிந்தவர்கள் அங்கே செடி வாங்கும்போது கொஞ்சம் நின்று நினைப்பார்கள். 1930-இல் தொடங்கப்பட்ட தொழுநோய்க் குடியிருப்பில், குணமான பின்பும் வெளியுலகம் ஏற்காத மனிதர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கத் தொடங்கினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் எத்தனையோ வீட்டு வாசல்கள் அவர்கள் கையால் பூத்தவை. அங்கே கேட்கும்போது, “இது கீழே வளர்ந்ததா, மலையிலிருந்து வந்ததா அங்கிள்?” என்று கேளுங்கள். மறைக்காமல் சொல்வார்கள். பன்னீர் ரோஜா வகை கிடைத்தால் விடாதீர்கள். மாலைக்கும் ஆகும், மணமும் உண்டு. ரோஜாவுக்கு நம் ஊரில் பெரிய எதிரி இலையில் வரும் கரும்புள்ளி. இலை இரவு முழுதும் நனைந்திருந்தால் வரும். ஆகவே காலையில், அடியில் மட்டும் தண்ணீர்; காற்றோட்டமான இடம்; புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிடுங்கள், தொட்டியில் உதிர விடாதீர்கள்.

இங்கே பருவம் என்பது மழையும் வெயில் திசையும்

நான்கு பருவம் இல்லாத ஊர் என்றுதான் பள்ளியில் படித்தோம். செடிகள் அப்படி நினைப்பதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை ஆண்டுக்கு இருமுறை உச்சத்துக்குப் போகிறது: மார்ச் முடிவிலிருந்து மே வரை ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் ஒருமுறை. இடையே ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஒப்பளவில் காய்ந்தவை. காய்ந்து பின் மழை பெய்யும் அந்தத் திருப்பத்தில்தான் நம் மரங்கள் பூக்கின்றன. சாலையோரம் இளஞ்சிவப்பாகக் குலுங்கி, மக்கள் மலேசிய சகுரா என்று படமெடுக்கும் தெக்கோமா அப்படித்தான். அங்சானா மரம் ஒரே நாளில் பூத்து, மறுநாள் காலை நடைபாதையை மஞ்சளாக்குவதும் அப்படித்தான். பழைய மழைமரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் புறா ஆர்க்கிட் இன்னும் அதிசயமானது: திடீர்ப் பெருமழையில் வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால், ஒன்பது நாள் கழித்து வட்டாரத்தில் உள்ள அத்தனை செடியும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கும், அன்று மாலைக்குள் வாடிவிடும். மழை பெய்த நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, ஒன்பதாம் நாள் காலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு மழையைவிட முக்கியமான பருவம் வெயிலின் திசை. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தெற்கே. ஆகையால் வடக்குப் பார்த்த பால்கனிக்கு ஆண்டின் நடுவில் வெயில், தெற்குப் பார்த்ததற்குத் தீபாவளி, பொங்கல், தைப்பூசக் காலத்தில் வெயில். சென்ற ஜூனில் நன்றாகப் பூத்த மல்லிகை டிசம்பரில் ஏன் பூக்கவில்லை என்று கேட்பவர்கள் முதலில் தம் பால்கனி எந்தத் திசை என்று பார்க்கட்டும். கிழக்குப் பால்கனி எல்லாச் செடிக்கும் நல்லது. மேற்கில் காகிதப்பூ, வாடாமல்லி, அடினியம் போன்ற சூடு தாங்கிகளை வையுங்கள்.

பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பண்டிகை வாரத்தில் பூ விலை ஏறும். இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகை, மலையிலிருந்து வரும் செவ்வந்தி, எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தேவை. முழு மாலைக்கான பூவை வீட்டில் எடுக்க முடியாது. சாமிப் படத்துக்கும், பெண்பிள்ளைகள் தலைக்கும், வாசல் கோலத்துக்கும் தாராளமாக எடுக்கலாம். தீபாவளி அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில் நகரும், தைப்பூசம் ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில். அந்த ஆண்டின் தேதியைப் பார்த்துக்கொண்டு எண்ணத் தொடங்குங்கள்.

செண்டுமல்லிக்குப் பத்து வாரம். மாலையில் உதிர்ந்த பூவில் பெரும்பாலும் விதை முற்றியிருக்காது; செடியிலேயே காய்ந்த பூவின் விதையோ கடை விதையோ எடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நான்கைந்து இலை வந்ததும், மூன்றாம் வாரம் முடியும்போது, தொட்டிக்கு மாற்றுங்கள். ஐந்தாம் வாரம் நுனியைக் கிள்ளுங்கள். இதைச் செய்யப் பலருக்கு மனம் வராது. கிள்ளாவிட்டால் இந்தச் செடியும் நம் நீண்ட இரவுக்குக் குட்டையிலேயே ஒரு பூ வைத்து நின்றுவிடும். கிள்ளினால் பக்கக் கிளைகள் பிரிந்து பத்து இருபது பூ வரும். தீபாவளிக்கு ஆகஸ்டில் விதைப்பது எளிது. தைப்பூசத்துக்கு நவம்பரில் விதைக்க வேண்டும், அது பெருமழை மாதம். நாற்றுகளைக் கூரையடியில் வெளிச்சமான இடத்தில் வளர்க்காவிட்டால் ஒரே இரவில் கழுத்தழுகிச் சாய்ந்துவிடும்.

மல்லிகைக்கு எட்டு வாரம். மல்லிகை புதுத் தளிரின் நுனியில் பூக்கிறது. ஆகவே பூ வேண்டுமென்றால் தளிர் வேண்டும், தளிர் வேண்டுமென்றால் வெட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பனிக்காலத்தையொட்டிக் கவாத்து செய்வார்கள். நமக்குப் பனிக்காலம் இல்லை, கத்தரிதான் பருவம். பண்டிகைக்கு எட்டு வாரம் இருக்கும்போது ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, செடியைப் பாதி உயரத்துக்கு வெட்டி, மெலிந்த குச்சிகளை அடியோடு நீக்கி, எஞ்சிய இலைகளையும் உருவிவிடுங்கள். மறுநாள் மக்கிய எருவும் நிறையத் தண்ணீரும். வெட்டிய செடியைப் பார்க்க மொட்டையாக இருக்கும். பத்து நாளில் ஒவ்வொரு கணுவிலும் துளிர் எழும். மல்லிகை பூக்காததற்கு நான் வீடுகளில் காணும் காரணம் அநேகமாக இரண்டுதான்: ஐந்து மணி நேர நேர்வெயில் கிடைக்காத இடம், இலைக்கான உரத்தை அள்ளிப் போடுவது. அடுக்கு மல்லியைவிட ஒற்றை மல்லி அதிகம் பூக்கும்.

வாடாமல்லிக்கும் கோழிக்கொண்டைக்கும் பத்துப் பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள், வேறு கவனம் அதிகம் வேண்டாம். கனகாம்பரம் அரைநிழலில் ஆண்டு முழுதும் பூக்கும். பிரிக்பீல்ட்ஸ் பால்கனிக்கு அதைவிட நம்பிக்கையான செடி எனக்குத் தெரியாது. ஹைட்ரேஞ்சியாவின் கொத்து அழகை இழந்த குறை தீர வேண்டுமானால் இட்லிப்பூவை வெயிலில் வையுங்கள். அதற்கும் புளிப்பு மண் பிடிக்கும்.

காகிதப்பூவுக்கு ஆறு வாரம். சீனப் புத்தாண்டுக்குக் கிள்ளானில் எத்தனை வீட்டு வாசல் காகிதப்பூவால் சிவந்து நிற்கிறது என்று பாருங்கள். ஜனவரி வறட்சியின் கொடை அது. தீபாவளிக்கு அந்த வறட்சி கிடைக்காது, நாம்தான் உண்டாக்க வேண்டும். தொட்டியை மழை விழாத, வெயில் மட்டும் விழுகிற கூரை ஓரத்துக்கு நகர்த்துங்கள். இலை லேசாகத் துவளும்வரை தண்ணீர் விடாதீர்கள். துவண்டதும் ஒரு குவளை மட்டும். இப்படி மூன்று நான்கு வாரம். கணுக்களில் சிறு மொட்டுத் தெரிந்ததும் வழக்கமான தண்ணீருக்குத் திரும்புங்கள். தரையில் நட்ட காகிதப்பூவை இப்படி அடக்க முடியாது; தொட்டியில், வேர் நெருக்கமாக இருக்கும் செடியே சொன்னபடி கேட்கும்.

மண், உரம், தட்டில் நிற்கும் தண்ணீர்

புதுத் தாமான் வீடுகளில் முற்றத்து மண் பெரும்பாலும் கட்டுமானத்துக்குக் கொட்டிய செம்மண். கிள்ளானின் கடலோரப் பக்கம் களிமண். இரண்டிலும் மழைக்காலத்தில் வேர் மூச்சு முட்டும். தொட்டியிலோ, செங்கல் வைத்து உயர்த்திய பாத்தியிலோ நடுவது நல்லது. கறுப்பு மண் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. செண்டுமல்லிக்கு 25 சென்டிமீட்டர் அகலத் தொட்டி போதும், மல்லிகைக்கு 35-க்குக் குறையாமல்.

கடைகளில் பச்சை உரம் என்று கேட்டால் 15-15-15 கிடைக்கும், நீல உரம் என்றால் 12-12-17. வளரும் வாரங்களில் பச்சை, மொட்டு வைக்கும் வாரங்களில் நீலம். முப்பது சென்டிமீட்டர் தொட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி, தண்டை ஒட்டாமல் தொட்டி ஓரமாக. நவம்பர் மழை உரத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும், அப்போது அளவைப் பாதியாக்கி வாரம் ஒருமுறை போடுங்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் செம்பருத்தியிலிருந்து மற்றச் செடிகளுக்குப் பரவும். கண்டதும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள்.

கடைசியாக, தொட்டியின் அடித்தட்டு. ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை மட்டும் கொட்டினால் தட்டின் சுவரில் ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வாரம் ஒருமுறை தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். வெளியே இருக்கும் தொட்டிகளுக்குத் தட்டே வேண்டாம், இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தால் போதும். 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். ஊருக்குப் போகும் நாட்களில் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டுமே என்று தட்டை நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள். தொட்டிகளை நிழலுக்கு மாற்றி, மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி, நன்றாக நனைத்துவிட்டால் பெரும்பாலான செடிகள் நான்கைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.